போல்ட் தலையில் ஒரு எஃப்: பழைய ராணுவ ஜீப்பின் உதிரிகளை வாசித்த அனுபவம்

வால்பாறை, நீலகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய ஜீப் எதைக் கேட்டாலும் ‘மிலிட்டரி வண்டி’ என்றுதான் சொல்வார்கள். அதில் மூன்று வகை உண்டு. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்து கப்பலில் வந்து, போர் முடிந்ததும் ஏலத்தில் போன வண்டி ஒன்று. சுதந்திரத்துக்குப் பிறகு மஹிந்திரா இங்கே பூட்டி விற்ற வில்லிஸ் ஜீப் இன்னொன்று. மூன்றாவது, இரண்டையும் கழற்றிக் கலந்து ஓட்டிய வண்டி. எழுபது எண்பது வருஷம் ஓடிய வண்டிகளில் இந்த மூன்றாவது வகைதான் அதிகம். நான் வாங்கியதும் அதுதான். எது போர்க்காலத்தது, எது பிறகு வந்தது என்று பிரித்து எடுக்க எனக்கு உதவியது அந்த இரும்பில் இருந்த குறிகள் மட்டுமே. விற்றவரிடம் பழைய காகிதம் எதுவும் இல்லை.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன உளவு வண்டி கேட்டது. பான்டம் என்ற சிறு கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. வில்லிஸும் ஃபோர்டும் தங்கள் மாதிரிகளைக் கொண்டுவந்தன. கடைசியில் வில்லிஸ் வடிவம்தான் நின்றது. ஆனால் ராணுவத்துக்குத் தேவைப்பட்ட எண்ணிக்கையை வில்லிஸ் ஒருவரால் செய்து தள்ள முடியாது. அதனால் 1941 நவம்பரில் அதே வரைபடத்தை ஃபோர்டுக்கும் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். வில்லிஸ் செய்தது எம்.பி., ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தியே ஆக வேண்டும் என்பது நிபந்தனை. பொருந்தியதால்தான் இன்றைக்கு இவ்வளவு கலப்பு.

ஆனால் ஃபோர்டு ஒரு காரியம் செய்தது. தான் செய்த பாகங்களில் தன் பெயரில் வரும் அந்த வளைந்த வாலுள்ள எஃப் எழுத்தைப் பதித்தது. பிராக்கெட்டில், வார்ப்பில், கியரில், போல்ட் தலையில்கூட. என் வண்டியில் நான் முதலில் பார்த்தது ஒரு போல்ட் தலையில் இருந்த எஃப்தான். எங்கள் மெக்கானிக் அண்ணன் அந்த போல்ட்டைக் கழற்றி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுவிட்டு, “தம்பி, இது என்ன, எழுத்து அடிச்சிருக்கு பாரு” என்றார். தேய்த்துப் பார்த்தால் சுண்டுவிரல் நகம் அளவு எஃப். அன்று சாயங்காலமே பம்பருக்குப் பின்னால் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சேஸிஸின் முன் குறுக்குச் சட்டம் ஃபோர்டில் கவிழ்த்த யு வடிவத்தில் இருக்கும், வில்லிஸில் உருண்டைக் குழாயாக இருக்கும். என்னுடையது யு வடிவம். சேஸிஸ் ஃபோர்டு என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

வண்டி முழுக்க ஃபோர்டு என்று அதற்காகச் சொல்லிவிட முடியாது. இந்த வேலையில் நான் விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான்: ஒரு குறி அது எந்த இரும்பில் இருக்கிறதோ அந்த இரும்புக்கு மட்டும்தான் சாட்சி. போல்ட்டில் உள்ள எஃப் போல்ட்டுக்குச் சாட்சி, அது பூட்டியிருக்கும் கியர்பாக்ஸுக்கு அல்ல. கார்புரேட்டர் மூடியின் ஸ்க்ரூவில் தொங்கும் பித்தளைத் தகடும் அப்படித்தான். போர்க்கால ஜீப்பின் கார்ட்டர் கார்புரேட்டருக்கு 539-எஸ் என்று தகடு உண்டு. ஒரே ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும், வேறு எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். தகட்டைக் காட்டி விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தகட்டைத் தள்ளிவைத்துவிட்டு கார்புரேட்டரின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

இனி எண்கள். என் கண்ணைத் திறந்தது ஃபோர்டின் எண் முறைதான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஃபோர்டு பாக எண்ணுக்கு மூன்று துண்டு. முன்னால் வருவது அந்தப் பாகம் முதலில் எந்த வண்டிக்காக வரையப்பட்டது என்பது. நடுவில் வருவது அது என்ன பாகம் என்பது. கடைசி எழுத்து எத்தனையாவது திருத்தம் என்பது. ஜி.பி.டபிள்யூ என்பதில் ஜி அரசு ஒப்பந்தத்தையும், பி 80 அங்குல வீல்பேஸையும் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம்), டபிள்யூ வில்லிஸ் வடிவமைப்பையும் குறிக்கும். நடு எண்தான் பொக்கிஷம். 1000 வரிசை சக்கரம், 2000 பிரேக், 3000 முன் ஆக்ஸிலும் ஸ்டியரிங்கும், 4000 பின் ஆக்ஸில், 5000 சேஸிஸும் ஸ்பிரிங்கும், 6000 என்ஜின், 7000 கிளட்ச்சும் கியர்பாக்ஸும், 8000 ரேடியேட்டர் பக்கம், 9000 பெட்ரோல் பக்கம், 10000-லிருந்து மின்சாரச் சாமான்கள். 6303 என்றால் கிராங்க் ஷாஃப்ட், 6250 என்றால் கேம் ஷாஃப்ட், 6050 என்றால் சிலிண்டர் ஹெட், 8005 என்றால் ரேடியேட்டர். ஃபோர்டின் எந்த வண்டியிலும் அப்படித்தான், இன்றைக்கும் அந்தக் கம்பெனி இதே அடிப்படை எண்களை வைத்திருக்கிறது. துருப்பிடித்து பாதி எழுத்து போன ஒரு பிராக்கெட்டில் நடு எண்ணின் முதல் இலக்கம் மட்டும் தெரிந்தால்கூட, அது வண்டியின் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று ஊகிக்கலாம். பழைய இரும்புக் கடையில் குவியலுக்கு நடுவே நிற்கும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்பது நின்று தேடியவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன் எழுத்து ஜி.பி.டபிள்யூ இல்லை என்பதற்காக ஒரு பாகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். ஃபோர்டு தன் வேறு வண்டிகளில் ஏற்கெனவே இருந்த பாகத்தை ஜீப்பில் போட்டால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும். 11ஏ என்று தொடங்கினால் அது 1941 காருக்காக வரைந்த பாகம். போர்க்கால ஜீப்பிலும் அது அசலாகவே இருக்கலாம்.

வில்லிஸ் எண் இந்த மாதிரி பேசாது. ஏ என்று போட்டுத் தொடங்கும் எண்ணோ, வெறும் ஆறு இலக்கமோ இருக்கும். எண்ணைப் பார்த்து என்ன பாகம் என்று சொல்ல வழி கிடையாது. அதற்கு ராணுவத்தின் உதிரிப் பட்டியல் வேண்டும். ஜீப்புக்கான பட்டியலின் அடையாளம் ஜி-503. அதில் ஃபோர்டு எண்ணையும் வில்லிஸ் எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலின் நகலும், 1944-ல் வந்த டி.எம். 9-803 பராமரிப்புக் கையேட்டின் நகலும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. நான் அச்செடுத்து, எண்ணெய்க் கை படும் என்பதால் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன்.

எண்ணைப் படிக்கும் முன்னால் அது இரும்பில் எப்படி வந்தது என்று பாருங்கள். மேலே புடைத்து, ஓரம் மழுங்கி நிற்கும் எழுத்து வார்ப்பில் வந்தது. அது அச்சிலேயே இருந்ததால் அந்த வார்ப்பு அத்தனையிலும் இருக்கும். அது வார்ப்பு எண், பாக எண் அல்ல. ஒரே வார்ப்பை இரண்டு விதமாகக் கடைந்தால் இரண்டு பாகம் ஆகிவிடும், வார்ப்பு எண் மட்டும் மாறாது. உள்ளே குழிந்து, ஓரம் கூர்மையாக இருப்பது பிறகு சுத்தியலாலோ பிரஸ்ஸாலோ அடித்தது. வரிசை நேராக, ஒரே ஆழத்தில் இருந்தால் ஒரே அடியில் விழுந்தது. ஒரு இலக்கம் ஏறி ஒன்று இறங்கியிருந்தால் ஒருவர் கையால் ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார். பெரும்பாலும் வரிசை எண்களும் சோதனைக் குறிகளும் இப்படி இருக்கும். பெயிண்டில் இட்ட புள்ளியும் கோடும் மூன்றாவது வகை. கழுவும்போது முதலில் போவது அதுதான்.

அதனால் கழுவுவதற்கு முன்பே படம் எடுத்துவிட வேண்டும். எங்கள் பட்டறையில் இது சட்டம். கழற்றிய பாகத்தை அழுக்கோடு ஒரு படம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம், அப்புறம்தான் மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும். கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷை குறி இருக்கும் இடத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மணலை வேகமாக அடித்துத் துரு எடுக்கும் சாண்ட் பிளாஸ்டிங் இன்னும் மோசம். ஆழமில்லாத எழுத்து ஒரு நிமிஷத்தில் போய்விடும். துரு நீக்கும் ஆசிட்டும் கவனம். சில இடங்களில் எழுத்தின் வடிவத்தைத் தாங்கி நிற்பதே துருதான்.

தெளிவில்லாத எழுத்தைப் படிக்க நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. வண்டி பெயர் மாற்றும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்போமே, அதேதான். மெல்லிய காகிதத்தை அசையாமல் ஒட்டி, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து, அழுத்தாமல் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கோடு காகிதத்தில் ஏறும். அதோடு இன்னொன்றும் செய்வேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை இரும்பின் மட்டத்தில் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு பக்கமிருந்தும் ஒரு படம். 3-ஐ 8 என்றும் 5-ஐ 6 என்றும் படிப்பது சகஜம். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வந்தால் பாதி எழுத்து நிழலில் போய்விடும், நாலு பக்கப் படத்தையும் சேர்த்து வைத்தால்தான் முடிவு சொல்ல முடியும். புடைத்த எழுத்துக்கு சமையலறை அலுமினிய ஃபாயிலை வைத்து அழிரப்பரால் அழுத்தினால் அச்சு அப்படியே வரும்.

சேஸிஸ் எண்ணை இப்படித்தான் எடுத்தேன். ஃபோர்டில் அது இடது சட்டத்தின் மேல்முகத்தில், என்ஜின் தாங்கிக்கு முன்னால், நேரடியாகச் சட்டத்திலேயே அடித்திருக்கும். இரண்டு ஓரத்திலும் ஒரு சின்ன நட்சத்திரம். வில்லிஸில் இடது சட்டத்தின் உட்பக்கம், முன் பம்பர் அருகே, ரிவிட் அடித்த தகடாக இருக்கும். என் சட்டத்தின் மேல் வண்டி கண்ட அத்தனை பெயிண்டும் ஏறி, எண் இருக்கும் இடமே தெரியவில்லை. பெயிண்ட் ரிமூவரைத் துணியில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் போட்டு, மரக்குச்சியால் சுரண்டச் சுரண்ட, முதலில் ஒரு நட்சத்திரத்தின் இரண்டு முனை வந்தது. மெக்கானிக் அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தார். அப்புறம் ஜி. அப்புறம் பி. ஃபோர்டு வண்டியில் சேஸிஸும் என்ஜினும் ஒரே எண்ணோடு ஆலையைவிட்டு வெளியேறியவை. என்ஜினில் ஆயில் ஃபில்டர் பக்கம் உள்ள மேட்டில் பார்த்தால் என்னுடையதில் வேறு எண். நடுவில் எப்போதோ என்ஜின் மாறியிருக்கிறது. வில்லிஸ் எம்.பி.யில் இரண்டு எண்ணும் ஆரம்பத்திலேயே ஒன்றாக இருக்காது, அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

எண் மழுங்கியிருக்கிறது என்று அதன் மேலேயே புதிதாக அடித்துத் தெளிவாக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பதிவு அலுவலகத்தில் அது திருத்திய எண்ணாகத்தான் பார்க்கப்படும். 2021-ல் மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை வி.ஏ. என்ற எழுத்துகள் வரும் தனி வரிசையில் பதியலாம். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதற்கு விண்ணப்பிக்க நினைப்பவருக்கு அந்த மழுங்கிய எண்தான் சொத்து.

கியர் பக்கத்துக்கு வருவோம். அங்கே குறியைப் படிக்கவில்லையென்றால் வண்டியே கெட்டுப்போகும். பின் ஆக்ஸிலின் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றவைக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இரண்டும் தேய்ந்து போனதால் சென்னை புதுப்பேட்டையில் ஒரு ஜோடி தேடினேன். கடைக்காரர் எடுத்துப் போட்டு, “மிலிட்டரி ஜீப்போடதுதான் சார், அப்படியே மாட்டலாம்” என்றார். கிரீஸைத் துடைத்து கிரவுனைத் திருப்பினால் 43, 8 என்று அடித்திருந்தது. கிரவுனுக்கும் பினியனுக்கும் உள்ள பல் எண்ணிக்கை அது. 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.38. அது போருக்குப் பிந்தைய சிவிலியன் ஜீப்பின் விகிதம். போர்க்கால ஜீப்பில் 39, 8, அதாவது 4.88. என் முன் ஆக்ஸிலில் 39, 8 அப்படியே இருந்தது. முன்னால் ஒரு விகிதம், பின்னால் ஒரு விகிதம் என்று மாட்டி நாலு சக்கரத்தையும் இழுக்க விட்டால், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். முன், பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த வரையில் அது ஜீப்புடையதுதான். குவியலிலேயே இன்னும் கிளறி 39, 8 ஜோடி ஒன்றை எடுத்தோம். எடுக்கும்போது கிரவுனிலும் பினியனிலும் ஒரே ஜோடி எண் இருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டையும் ஒன்றாக உரசிப் பதப்படுத்தித்தான் ஆலையில் அனுப்புவார்கள், ஜோடி பிரிந்தால் சத்தம் போட்டே செத்துப்போகும். பினியனின் முகத்தில் கூட்டலோ கழித்தலோ போட்டு ஒரு சின்ன இலக்கம் இருந்தால் அதையும் எழுதி வையுங்கள். ஷிம் என்ற மெல்லிய இடைத்தகடு வைக்கும்போது எத்தனை தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று சொல்வது அது.

சக்கர போல்ட்டின் நுனியில் எல் என்று இருந்தால் அது இடது மரை, வழக்கத்துக்கு மாறாக எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். போர்க்கால ஜீப்பின் இடது பக்கச் சக்கரங்களில் அப்படித்தான். அதைப் பார்க்காமல் வழக்கம்போல் இழுத்தால் போல்ட் முறியும்.

போல்ட்டிலேயே இன்னொரு குறி: ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் சின்ன வட்டங்கள். 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒப்புக்கொண்ட பொது மரையின் அடையாளம் அது. அந்த போல்ட் போருக்குப் பிறகு வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பானெட்டில்தான் எனக்கு அதிக நாள் ஆனது, அதிக சந்தோஷமும் அங்கேதான். பெயிண்டைப் பூராவும் எடுக்காமல், தண்ணீர் பேப்பரை ஈரத்தோடு வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாகத் தெரியும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், முகமூடி இல்லாமலும் உலர்வாகவும் தேய்க்கவே கூடாது. மேலே தோட்டக்காரர்கள் அடித்த நீலம், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே ஆலிவ் டிராப் என்ற அமெரிக்க ராணுவத்தின் மங்கிய பச்சை. பச்சைக்கும் ஆலிவுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு எட்டிப் பார்த்தது. அமெரிக்க ராணுவத்தின் பானெட் எண்ணாக இருந்தால் 20 என்று தொடங்கும், கால் டன் வண்டி வகைக்கான முன்னெண் அது. கடைசியில் எஸ் இருந்தால் ரேடியோவில் இரைச்சல் வராமல் மின்சாரப் பகுதியை அடக்கிய வண்டி. எனக்கு வந்தது அது அல்ல. எம் என்ற எழுத்தும் பின்னால் சில இலக்கங்களும். பிரிட்டிஷ் முறையில் எல் என்றால் லாரி, எம் என்றால் கார், சின்ன வண்டி. அமெரிக்கா கடனுதவித் திட்டத்தில் நேச நாடுகளுக்குக் கொடுத்த வண்டிகளில் ஒன்று, பிரிட்டிஷ் கணக்கில் ஏறி ஓடியிருக்கிறது என்று புரிந்தது.

அதற்கு இன்னொரு சாட்சியும் வண்டியிலேயே கிடைத்தது. கருவிப்பெட்டியில் கிடந்த ஒரு ஸ்பேனரில் மூன்று கோடு மேலே ஒரே புள்ளியில் சேரும் குறி. மெக்கானிக் அண்ணன், “என்ன தம்பி, நாமத்தைத் தலைகீழாப் போட்டு வெச்சிருக்கான்” என்றார். பிரிட்டிஷ் அரசு உடைமைகளில் போடும் அகன்ற அம்புக்குறி அது. சி எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா, இரண்டு பக்கமும் டி இருந்தால் ஆஸ்திரேலியா. நம் ராணுவ வண்டிகளின் எண் பலகையில் இன்றைக்கும் மேல்நோக்கிய அம்பு ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதன் வேர் இங்கேதான். ஸ்பேனர் வண்டியோடு வந்ததா, தோட்டத்தில் யாரோ போட்டதா என்பதற்கு ஸ்பேனர் பொறுப்பேற்காது. பானெட்டின் எம் அப்படியல்ல, அது ஆலையின் ஆலிவுக்கு மேலேயே அமர்ந்திருக்கிறது.

எஃப் குறிக்கு நல்ல விலை இருப்பதால் இப்போது புதிதாகச் செய்கிற பாகங்களிலும் எஃப் அடித்து வருகிறது. வண்டியை ஓட்டுவதற்கு அது தப்பே இல்லை, அசல் என்று சொல்லி அசல் விலை கேட்டால்தான் பிரச்சினை. எழுத்தைவிட அதைச் சுற்றியுள்ள இரும்பைப் பாருங்கள். பழைய பாகத்தில் எழுத்தின் ஓரமும் பக்கத்துப் பரப்பும் ஒரே மாதிரி மங்கி, ஒரே மாதிரி தேய்ந்திருக்கும். பரப்பு குழிகுழியாகத் துரு தின்று, எழுத்து மட்டும் பளிச்சென்று கூர்மையாக நின்றால் அது பிறகு அடித்தது.

என்ஜினைப் பிரித்தபோது பேரிங்குகளின் முதுகில் 010 என்று இருந்தது. கிராங்க்கை ஒருமுறை பத்து தௌ கிரைண்ட் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் (உள்விட்டம் குறைந்த) பேரிங் போட்டிருக்கிறார்கள். அடுத்த முறை கிரைண்ட் செய்தால் 020 வாங்க வேண்டும். போருக்குப் பிந்தைய வில்லிஸ் என்ஜின் கையில் வந்தால் என்ஜின் எண்ணோடு ஒரு தனி எழுத்து இருக்கிறதா பாருங்கள். ஏ என்றால் ஆலையிலிருந்தே மெயின் பேரிங்கும் கனெக்டிங் ராட் பேரிங்கும் பத்து தௌ அண்டர்சைஸ், பி என்றால் பிஸ்டன் பத்து தௌ ஓவர்சைஸ், ஏபி என்றால் இரண்டும். ஸ்டாண்டர்ட் சைஸ் பேரிங் செட் வாங்கி வந்து பிறகு மாற்ற அலைய வேண்டாம்.

பழைய இரும்புக் கடைக்குக் கிளம்பும்போது என் பையில் டார்ச், பழைய துணி, சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெய், மென்மையான பென்சில், மெல்லிய காகிதம், ஜி-503 பட்டியலின் என்ஜின், ஆக்ஸில் பக்கங்கள் இருக்கும். விலை பேசுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத் துடைத்துப் பார்ப்பேன். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. சில பேர் ஸ்டூல் எடுத்துப் போட்டு, “இதுலயும் ஏதோ எழுதியிருக்கு பாருங்க” என்று அடுத்ததை நீட்டுவார்கள்.